வியாழனை நம் ஊரிலிருந்தே அறிந்துகொள்வது எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வியாழனைப் பற்றி நாம் எல்லோரும் பள்ளியில் நாலு வரி படித்திருக்கிறோம். சூரியனிலிருந்து ஐந்தாவது கோள், கோள்களிலேயே பெரியது, வாயுக்கோள், நிறைய நிலவுகள் கொண்டது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியாயிற்று. ஆனால் அன்று இரவு வாசலில் வந்து நின்று, "அதோ, அதுதான்" என்று யாரும் விரல் நீட்டிக் காட்டவில்லை. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்த எனக்கு வியாழனை முதலில் காட்டியது கடன் வாங்கிய ஒரு பழைய பைனாகுலரும், கரண்ட் போன ஒரு மாசி மாத ராத்திரியும்தான்.

பாடப்புத்தகத்தில் இருக்கிற எண்களில் பாதிக்கு மேல் நம் கண்ணாலேயே சரிபார்க்கக்கூடியவை. அது பத்து மணி நேரத்தில் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றுவதையும், அதன் உருவம் கொஞ்சம் தட்டையாக இருப்பதையும், நிலவுகள் அதைச் சுற்றி வருவதையும் நம் வயலில் நின்றே பார்க்க முடியும். அதனால் இந்த வழிகாட்டியைப் பார்க்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். முதலில் வெறும் கண், பிறகு கொஞ்சம் கேழ்வரகு, அப்புறம் பைனாகுலர், கடைசியில் டெலஸ்கோப். முதல் மூன்று படிகளுக்குக் காசே தேவையில்லை.

படி 1: காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வியாழனைப் பார்க்க வருடத்தில் எல்லா நாளும் ஒன்றல்ல. சூரியனுக்கும் வியாழனுக்கும் நடுவில் பூமி வந்து நிற்கும் நாளை எதிர்நிலை என்பார்கள். அன்று சூரியன் மேற்கே மறையும் நேரத்தில் வியாழன் கிழக்கே எழும்பும். நடுராத்திரியில் உச்சிக்கு வந்து, விடியும்போது மேற்கே இறங்கும். அந்தச் சமயத்தில்தான் அது நமக்கு மிக அருகிலும் மிகப் பிரகாசமாகவும் இருக்கிறது. சுமார் 399 நாளுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய பதின்மூன்று மாதத்துக்கு ஒருமுறை எதிர்நிலை வரும். 2026இல் ஜனவரி 10, 2027இல் பிப்ரவரி 10ஐ ஒட்டி, 2028இல் மார்ச் 12.

இந்தத் தேதிகள் நம் மாவட்டங்களுக்கு வாய்த்த யோகம் என்றே சொல்வேன். 2023இல் எதிர்நிலை நவம்பர் 3ஆம் தேதி வந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலம். ஐப்பசி முழுக்க மேகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தை, மாசி, பங்குனி அப்படியில்லை. மழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். தை மாத விடியலில் மட்டும் பனி மூடும். அதனால் அந்த மாதத்தில் முன்னிரவையே நம்புங்கள்.

எதிர்நிலை நாளைத் தவறவிட்டால் ஒன்றும் போய்விடாது. வியாழன் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நாலு நிமிடம் முன்னதாக எழும்பும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். அப்படியானால் எதிர்நிலைக்கு மூன்று மாதம் கழித்து, பொழுது சாயும்போதே அது உச்சியில் நிற்கும். ஐந்தாறு மாதம் கழித்து மேற்கே தாழ்ந்து, பிறகு சில வாரங்கள் சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்துபோகும். அப்புறம் விடியற்காலைக் கிழக்கு வானத்தில் திரும்ப வரும். பால் கறக்க எழுகிறவர்கள்தான் அதை முதலில் பார்ப்பார்கள்.

படி 2: வெறும் கண்ணால் கண்டுபிடியுங்கள்

சூரியன் பகலில் போகிற பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிலாவும் கோள்களும் ஏறக்குறைய அதே பாதையில்தான் போகும். அந்தப் பாதையில், வெண்மையோடு லேசாகப் பால் மஞ்சள் கலந்த நிறத்தில், மினுக்காமல் நின்று எரிகிற பெரிய ஒளிப்புள்ளிதான் வியாழன்.

குழப்பம் வரக்கூடியது வெள்ளியோடு. வெள்ளி இதைவிடப் பிரகாசமானது. ஆனால் அது சூரியனை விட்டு அதிக தூரம் போகாது. பொழுது சாய்ந்து மூன்று மணி நேரம் போலவும், விடியலுக்கு முன் மூன்று மணி நேரம் போலவும்தான் தென்படும். நடுராத்திரியில் தலைக்கு மேல் ஒரு பெரிய வெளிச்சம் அசையாமல் நின்றால் அது வெள்ளியாக இருக்க வழியே இல்லை. செவ்வாய் சில வருடங்களில் நன்றாகப் பிரகாசிக்கும், ஆனால் அதன் செம்மை காட்டிக்கொடுத்துவிடும். இரவு வானத்து நட்சத்திரங்களிலேயே பிரகாசமான சிரியஸோ நீலவெள்ளையாகத் துடித்துக்கொண்டே இருக்கும்.

நட்சத்திரம் துடிக்க, வியாழன் ஏன் துடிப்பதில்லை? நட்சத்திரம் எவ்வளவு பெரியதானாலும் தூரத்தால் நமக்கு ஒரு புள்ளிதான். அந்த ஒற்றைக் கதிரைக் காற்று அலைக்கழிக்கிறது. வியாழன் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்தாலும் உண்மையில் ஒரு சின்ன வட்டம். வட்டத்தின் ஒரு ஓரத்து ஒளி கொஞ்சம் மங்கும்போது மறு ஓரத்து ஒளி சரிக்கட்டிவிடும்.

நம் மாவட்டங்கள் 12, 12.5 பாகை வட அட்சரேகையில் இருக்கின்றன. இதனால் நமக்கு ஒரு வசதி உண்டு. ஐரோப்பாவில் இருக்கிறவர்கள் பல வருடங்களில் வியாழனைத் தொடுவானத்துக்குக் கொஞ்சம் மேலே, கலங்கிய காற்றின் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நமக்கு அது தலைக்கு மேலேயே போகும். 2026 ஜனவரியில் மிதுனத்தில் இருந்தபோது உச்சிக்குச் சற்று வடக்காகவே கடந்தது. தெற்கே தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அகப்படவே இல்லை. கழுத்து வலிக்கும். கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டு பாருங்கள்.

இருட்டான இடத்துக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. பெங்களூரு வெளிச்சம் அடிக்கிற ஓசூரிலிருந்தும், தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்தும் வியாழன் நன்றாகத் தெரியும். மற்ற நட்சத்திரங்களையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டால் வத்தல்மலை, அரூர் பக்கம் தீர்த்தமலை அடிவாரம், கே.ஆர்.பி. அணையைச் சுற்றிய ஊர்கள் நல்லவை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் ராத்திரியில் போகாதீர்கள். அது யானை நடமாடும் பாதை. எந்த வயலானாலும் காலில் செருப்பும் கையில் டார்ச்சும் வேண்டும். டார்ச் முகப்பில் சிவப்பு ஜிகினாத் தாளைக் கட்டிவிட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது.

படி 3: பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றி வர 11.86 ஆண்டு ஆகிறது. ராசிகள் பன்னிரண்டு. ஆக ஒரு ராசிக்குச் சுமார் ஓராண்டு. வருடா வருடம் குருப்பெயர்ச்சி வருவதற்கு இதுதான் காரணம். கும்பகோணத்து மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவதற்கும் இதுவே காரணம், குரு சிம்மத்தில் இருக்கும்போது வரும் மாசி மகம் அது. 2016இல் நடந்தது, அடுத்தது 2028இல். அந்த வருடம் எதிர்நிலையும் மாசி மகத்தை ஒட்டியே வருவதால், பௌர்ணமி நிலாவும் வியாழனும் ராத்திரி முழுக்கக் கிட்டக்கிட்ட நிற்கும். கும்பகோணம் போக முடியாவிட்டாலும் மாடிக்குப் போய்விடுங்கள்.

இன்னொரு வேலை செய்யலாம். எதிர்நிலைக்கு மூன்று மாதம் முன்னாலிருந்தே வாரம் ஒருமுறை, வியாழனையும் அதைச் சுற்றி இருக்கிற நாலைந்து நட்சத்திரங்களையும் ஒரு தாளில் வரைந்து வாருங்கள். முதலில் அது கிழக்கு நோக்கி நகரும். பிறகு நின்றுவிடும். அப்புறம் நாலு மாதம் போல மேற்கே, பின்னோக்கி நகரும். பஞ்சாங்கத்தில் குரு வக்ரம் என்று போட்டிருக்கிற அதே நாட்கள்தான்.

வியாழன் நிஜமாகத் திரும்பி நடப்பதில்லை. தொப்பூர் கணவாயில் மேடேறும் லாரியை நம் பஸ் முந்தும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். லாரி முன்னோக்கித்தான் போகிறது, ஆனால் பின்னால் இருக்கிற மலையோடு சேர்த்துப் பார்த்தால் பின்னோக்கி வழுக்குவது போல இருக்கும். பூமி உள்வட்டத்தில் வேகமாகப் போகிறது, வெளிவட்டத்தில் மெதுவாகப் போகிற வியாழனை எதிர்நிலையில் முந்துகிறது. அவ்வளவுதான். ஆனால் இந்த ஒன்றைச் சரியாக விளக்குவதற்கு மனிதனுக்குப் பல நூற்றாண்டு தேவைப்பட்டது.

படி 4: கேழ்வரகால் அளந்து பாருங்கள்

பூமத்திய ரேகையில் வியாழனின் குறுக்களவு 1,42,984 கிலோமீட்டர். சூரியனிலிருந்து சராசரி தூரம் சுமார் 77 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர். இந்த எண்களை வாய்விட்டு எத்தனை முறை படித்தாலும் மனதில் ஒட்டாது. அதற்கு அறுவடை முடிந்த ஒரு வயலும் நம் ஊர்க் கேழ்வரகும் போதும்.

ஒரு கேழ்வரகு மணி ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். அதுதான் பூமி. அப்படியானால் வியாழன் 17 மில்லிமீட்டர், அதாவது ஓர் அரைநெல்லிக்காய். சூரியன் 16 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சின்னத் தர்பூசணி. தர்பூசணியைக் களத்து மேட்டில் வையுங்கள். அங்கிருந்து 18 மீட்டர், சாதாரண நடையில் 25 எட்டு போய்க் கேழ்வரகை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வையுங்கள். வெறும் மண்ணில் வைத்தால் திரும்பக் கிடைக்காது. நெல்லிக்காய்க்கு அதே தர்பூசணியிலிருந்து 92 மீட்டர் நடக்க வேண்டும், 125 எட்டுக்கு மேல். பெரும்பாலும் உங்கள் வயல் முடிந்து பக்கத்து வயலுக்குள் போய்விடுவீர்கள். அங்கே நின்று திரும்பிப் பாருங்கள். கேழ்வரகு கண்ணுக்கே தெரியாது.

இப்போது நெல்லிக்காயின் பக்கத்தில் உட்காருங்கள். பையிலிருந்து நாலு ரவைத் துகள் எடுங்கள். நெல்லியிலிருந்து 5 சென்டிமீட்டரில் ஒன்று, 8இல் ஒன்று, 12.5இல் ஒன்று, 22இல் ஒன்று. அயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ என்ற நாலு பெரிய நிலவுகள் இவைதான். வியாழனுக்கு இதுவரை தொண்ணூறுக்கு மேல் நிலவுகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். மற்றவை இந்த அளவில் தூசி.

வியாழனுக்குள் சுமார் 1,300 பூமி அடங்கும் என்று படித்திருப்பீர்கள். 1,300 கேழ்வரகு மணியை எண்ணிப் பார்த்தோம். பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பெண் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ண, அவள் தம்பி நடுவில் ஒருமுறை கையைத் தட்டிவிட, திரும்ப முதலிலிருந்து எண்ணினோம். முடித்துப் பார்த்தால் ஒரு டீஸ்பூன் கூட நிறையவில்லை. அந்தக் குவியலையும் நெல்லிக்காயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எடையில் மட்டும் கணக்கு வேறு. 1,300 பூமி அடங்கும் என்றாலும் எடை 318 பூமிக்குத்தான் சமம். ஏனென்றால் பூமி கல்லும் இரும்பும், வியாழன் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும். இருந்தாலும் மற்ற ஏழு கோள்களையும் ஒரே தட்டில் வைத்தால்கூட வியாழன் அவற்றைப்போல் இரண்டரை மடங்கு கனம்.

இதே அளவில் அடுத்த நட்சத்திரமான பிராக்ஸிமாவை எங்கே வைப்பது என்று அவள் தம்பி கேட்டான். சுமார் 4,700 கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து இமயமலையைத் தாண்டி, அதற்கும் அப்பால்.

படி 5: தரையில்லாத கோள் என்றால் என்ன?

இந்தப் படிக்குக் கருவி எதுவும் வேண்டாம், கொஞ்சம் கற்பனை போதும். வாயுக்கோள் என்றால் புகை உருண்டை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கால் வைக்கத் தரை கிடையாது என்பது மட்டும்தான் உண்மை.

1995 டிசம்பர் 7ஆம் தேதி கலிலியோ விண்கலத்திலிருந்து பிரிந்த ஒரு சிறு ஆய்வுக்கலம் வியாழனுக்குள் விழுந்தது. உள்ளே நுழைந்த வேகம் நொடிக்குச் சுமார் 47 கிலோமீட்டர். வெப்பக் கவசம் எரிந்து, பாராசூட் விரிந்து, மேகங்களின் வழியாக இறங்கிக்கொண்டே 58 நிமிடம் போல செய்தி அனுப்பியது. போகப் போக அழுத்தமும் வெப்பமும் ஏறின. பூமியின் காற்றழுத்தத்தைப் போல இருபது மடங்குக்கு மேல் ஆன இடத்தில் குரல் நின்றுவிட்டது. அது எதன்மேலும் மோதவில்லை. மோதுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

மேகத்தின் மேல்மட்டத்தில் குளிர் உறைநிலைக்குக் கீழே நூறு பாகைக்கும் அதிகம். மேலே அமோனியா மேகம், அதன் கீழே அமோனியாவும் கந்தகமும் சேர்ந்த மேகம், அதற்கும் கீழே நீர் மேகம். இன்னும் இறங்கினால் ஹைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவம் போல ஆகிவிடும். வாயு இங்கே முடிந்தது, திரவம் இங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது. அதற்கும் ஆழத்தில், பூமியின் காற்றழுத்தத்தைப் போலப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் அழுத்தம் வரும்போது, ஹைட்ரஜன் ஓர் உலோகம் போல மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. வியாழனின் காந்தப்புலம் கோள்களிலேயே வலிமையானதாக இருப்பதற்கு அந்த அடுக்குதான் காரணம். நடுவில் கெட்டியான கரு ஒன்று தனியாக இருக்கும் என்று நெடுநாள் எண்ணினார்கள். 2016 ஜூலையில் வியாழனைப் போய்ச் சேர்ந்த நாசாவின் ஜூனோ விண்கலம் ஈர்ப்பை அளந்து பார்த்தபோது, கரு ஓரம் தெரியாமல் ஹைட்ரஜனோடு கலந்து பரவிக் கிடப்பதாகத் தெரிந்தது.

வியாழன் சூரியனிடமிருந்து வாங்கும் வெப்பத்தைவிட அதிகமாக வெளியே விடுகிறது. பிறந்தபோது சுருங்கிய சூடு இன்னும் ஆறவில்லை. இதை வைத்து அதை நட்சத்திரமாகத் தவறிப்போன கோள் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. நட்சத்திரமாக எரிய இப்போது இருப்பதைப் போலச் சுமார் எண்பது மடங்கு நிறை வேண்டும். எண்பதில் ஒரு பங்கு வைத்திருப்பதைத் தவறிப்போனது என்று எப்படிச் சொல்வது?

படி 6: பைனாகுலரை எடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த படி. 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும். பறவை பார்க்க, கிரிக்கெட் பார்க்க யாராவது வாங்கி வைத்திருப்பார்கள், கேளுங்கள்.

கையில் பிடித்தால் புள்ளிகள் துள்ளும். அதனால் முழங்கை இரண்டையும் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றுங்கள், அல்லது தென்னை மரத்தில் சாய்ந்துகொள்ளுங்கள். வியாழன் உச்சியில் இருந்தால் கட்டிலில் படுத்துக்கொண்டு பிடிப்பதே மேல். முதலில் நிலாவையோ தூரத்து டவர் விளக்கையோ பார்த்துத் தெளிவு சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு வியாழனுக்கு வந்து, மூச்சை மெதுவாக விட்டு, பத்து நொடி அசையாமல் இருங்கள். முதலில் ஒரு வெளிச்சப் பொட்டு. அப்புறம் அதன் இரு பக்கமும், ஒரே கோட்டில், ஊசி முனை அளவில் இரண்டோ மூன்றோ நாலோ புள்ளிகள்.

1610 ஜனவரி 7ஆம் தேதி கலிலியோ பார்த்ததும் இதைத்தான். அன்று கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. நட்சத்திரம் என்றே நினைத்தார். மறுநாள் மூன்றும் மேற்கே இருந்தன. அதற்கடுத்த நாள் மேகம். 10ஆம் தேதி இரண்டுதான், இரண்டும் கிழக்கே. 13ஆம் தேதி நாலு தெரிந்தன. எல்லாம் பூமியைத்தான் சுற்றுகின்றன என்று நம்பிய காலத்தில், வேறொன்றைச் சுற்றுபவையும் உண்டு என்று அந்த ஒரு வாரக் குறிப்பே காட்டிவிட்டது.

நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், எட்டரை மணி என்று வைத்துக்கொள்வோம், ஒரு வட்டமும் அதன் இரு பக்கமும் புள்ளிகளும் வரையுங்கள். தேதியும் நேரமும் எழுத மறக்காதீர்கள். நான் சொன்ன அந்தப் பெண் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரைந்தாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "அண்ணா, நேத்து இந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்தது இன்னைக்கு எங்க போச்சு?" என்று கேட்டாள். வியாழனுக்குப் பின்னால் போயிருந்தது. மறுநாள் மறுபக்கம் வந்ததும் அவளே புரிந்துகொண்டாள், நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு சுற்றுக்கு அயோ எடுத்துக்கொள்வது 1.77 நாள், யூரோப்பா 3.55, கானிமீட் 7.15, கலிஸ்டோ 16.69. முதல் மூன்றையும் கவனியுங்கள். கானிமீட் ஒரு சுற்று முடிப்பதற்குள் யூரோப்பா இரண்டு, அயோ நாலு. இந்தத் தாளம் பிசகுவதில்லை. இதனால் அயோவின் பாதை ஒரு சீரான வட்டமாகாமல் வியாழன் அதை இறுக்கியும் தளர்த்தியும் பிசைந்துகொண்டே இருக்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைந்த இடம் சுடும் அல்லவா? அதே சூட்டால் அயோவில் நூற்றுக்கணக்கான எரிமலைகள். 1979இல் வாயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படங்களில்தான் அவை வெடிப்பதை முதன்முதலில் பார்த்தார்கள். நம் பைனாகுலரில் அது வெறும் புள்ளி. இருந்தாலும் தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு.

கானிமீட் புதன் கோளைவிடப் பெரியது, 5,268 கிலோமீட்டர் குறுக்களவு. இதில் நம் பக்கத்துப் பெருமையும் ஒன்று உண்டு. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைமேல் காவலூரில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். 1972 ஜூனில் கானிமீட் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போய் அதை மறைத்தது. புதிதாக நிறுவியிருந்த ஒரு மீட்டர் டெலஸ்கோப்பில் அந்த மறைவைக் காவலூரில் அளந்தபோது, கானிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலத்துக்கான அறிகுறி கிடைத்தது. நாம் பார்க்கிற அதே மூன்றாவது புள்ளி, நாம் பார்க்கிற அதே வானத்திலிருந்து.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். எதிர்நிலையில் வியாழனின் ஒளி நம்மை வந்தடைய 35 நிமிடம் போல ஆகும். தர்மபுரியில் பஸ் ஏறிக் காரிமங்கலத்தில் இறங்குகிற நேரம். வியாழன் சூரியனுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது அதே ஒளிக்கு 50 நிமிடத்துக்கு மேல் வேண்டும். அயோ வியாழனின் நிழலுக்குள் மறையும் நேரங்கள் வருடத்தின் ஒரு பாதியில் முந்தியும் மறு பாதியில் பிந்தியும் வருவதைக் கவனித்த டென்மார்க் வானியலாளர் ஓலே ரோமர், ஒளிக்கும் வேகம் உண்டு என்று 1676இல் சொன்னார்.

படி 7: டெலஸ்கோப் கிடைத்தால்

முதலில் ஓர் எச்சரிக்கை. நான் முதலில் வாங்கிய டெலஸ்கோப்பின் பெட்டியில் 525 மடங்கு என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஸ்டாண்டைத் தொட்டாலே படம் நடுங்கியது, வியாழன் கலங்கிய முட்டை போலத் தெரிந்தது. மூன்று மாதச் சேமிப்பு. அதனால் மடங்கைப் பார்த்து வாங்காதீர்கள். முகப்பு வில்லை அல்லது ஆடியின் குறுக்களவையும் ஸ்டாண்டின் உறுதியையும் பாருங்கள். மில்லிமீட்டரில் உள்ள குறுக்களவைப் போல இரண்டு மடங்குதான் பயனுள்ள உச்ச உருப்பெருக்கம். 114 மில்லிமீட்டர் அல்லது ஆறு அங்குல டாப்ஸோனியன் (எளிய பீடத்தில் நிற்கும் ஆடி டெலஸ்கோப்) நல்ல தொடக்கம். தனியாக வாங்க முடியாவிட்டால் பள்ளியிலோ அறிவியல் மன்றத்திலோ சேர்ந்து வாங்கலாம்.

உருப்பெருக்கம் என்பது குழாயின் குவியத்தூரத்தை ஐபீஸின், அதாவது நாம் கண் வைத்துப் பார்க்கும் சின்ன வில்லையின், குவியத்தூரத்தால் வகுத்தால் வருவது. 900 மில்லிமீட்டர் குழாயில் 25 ஐபீஸ் போட்டால் 36 மடங்கு, 10 போட்டால் 90. நாற்பது மடங்கிலேயே வியாழன், வெறும் கண்ணுக்கு நிலா தெரிகிற அளவு பெரிதாகத் தெரியும் என்றால் பலர் நம்புவதில்லை. எதிர்நிலையில் கணக்கு அப்படித்தான் வருகிறது.

மாடியா வயலா என்றால் வயல். பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் ராத்திரி பத்து மணி வரை சூட்டைக் கக்கும், அந்தக் காற்றில் படம் கொதிக்கும். பங்குனியில் இது ரொம்ப அதிகம். டெலஸ்கோப்பையும் அரை மணி நேரம் முன்னதாகவே வெளியில் வைத்து ஆறவிடுங்கள். வியாழன் மேற்கே இறங்கும் மாதங்களில் சூரியன் முழுதாக மறைந்த பிறகே குழாயைத் திருப்ப வேண்டும். டெலஸ்கோப்பிலோ பைனாகுலரிலோ சூரியன் ஒரு கணம் அகப்பட்டால் கண் போய்விடும். குழந்தைகள் கூட இருந்தால் இதில் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது பாருங்கள். முதலில் வட்டத்தின் நடுவில் இரண்டு பழுப்புப் பட்டைகள் தெரியும், பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. வெளுத்த பகுதிகளில் வாயு மேலேறி அமோனியா மேகமாகிறது, பழுப்புப் பட்டைகளில் கீழிறங்குகிறது. இந்தப் பட்டைகள் நிரந்தரம் அல்ல. 2010இல் தெற்குப் பட்டை மங்கிக் காணாமலே போய், பிறகு திரும்ப வந்தது.

உருவத்தைக் கவனியுங்கள். மேலும் கீழும் அமுங்கியிருக்கும். துருவம் வழியான குறுக்களவு 1,33,708 கிலோமீட்டர், பூமத்திய ரேகையில் உள்ளதைவிட ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் குறைவு. இவ்வளவு பெரிய உருண்டை 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றுவதால் நடு வயிறு பிதுங்குகிறது. நம் தை மாத இரவு பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். அதாவது எதிர்நிலை இரவில் கண்விழிக்கத் தயாராக இருந்தால், வியாழனின் முதுகையும் முகத்தையும் ஒரே இரவில் பார்த்துவிடலாம். நான் ஒருமுறைதான் செய்தேன். ஏழரைக்கு ஓரத்தில் பார்த்த ஒரு கறுத்த முடிச்சு ஒன்பதரைக்கு நடுவுக்கு வந்து, பிறகு மறைந்து, விடியற்காலை ஐந்தரைக்குத் திரும்ப அதே ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அன்று குளிரில் விரல் விறைத்திருந்தது, பேனா பிடிக்க வரவில்லை.

பெருஞ்செம்புள்ளி தெற்குப் பட்டையின் விளிம்பில் இருக்கும் சுழற்காற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து விடாமல் கவனித்து வருகிறார்கள். ஒரு காலத்தில் மூன்று பூமி அடங்கும் அளவில் இருந்தது, இப்போது ஒரு பூமியைவிடக் கொஞ்சம் பெரியது. நிறமும் படங்களில் இருப்பதுபோல ரத்தச் சிவப்பல்ல, வெளிறிய செங்கல் நிறம். அது நம் பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தைக் கைப்பேசி வானியல் செயலிகள் காட்டும். நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஐம்பது நிமிடம்தான் நன்றாகத் தெரியும்.

தானாகத் திரும்பும் மோட்டார் இல்லாத குழாயில் வியாழன் ஓரிரு நிமிடத்தில் காட்சியை விட்டு நழுவிவிடும். எந்தப் பக்கமாக நழுவுகிறதோ அதுதான் மேற்கு. ஆடி டெலஸ்கோப்பில் படம் தலைகீழாகத் தெரிவதால், நோட்டில் வரையும்போது இதைப் பார்த்துத் திசை குறித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் பைனாகுலரில் வரைந்ததோடு ஒப்பிட முடியும்.

படி 8: நோட்டை மூடி வைக்காதீர்கள்

1973இல் பயோனியர் 10, 1979இல் இரண்டு வாயேஜர்கள், பிறகு கலிலியோ, அப்புறம் ஜூனோ என்று விண்கலங்கள் வரிசையாகப் போயிருக்கின்றன. அடுத்ததாக இரண்டு கலங்கள் வழியில் இருக்கின்றன. ஐரோப்பாவின் ஜூஸ் 2023 ஏப்ரலில் கிளம்பியது, 2031 ஜூலையில் போய்ச் சேர்ந்து பிறகு கானிமீடைச் சுற்றும். நாசாவின் யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபரில் கிளம்பியது, 2030 ஏப்ரலில் சேரும். யூரோப்பாவின் பனி ஓட்டுக்குக் கீழே பூமியின் கடல்கள் எல்லாவற்றையும்விட அதிக நீர் இருக்கும் என்று கணிக்கிறார்கள். உயிர் வாழ ஏற்ற நிலைமை அங்கே உண்டா என்று பார்க்கத்தான் கிளிப்பர் போகிறது.

2030 ஏப்ரலில் வியாழன் நம் ஊரில் முன்னிரவில் கிழக்கே எழும்பும். பத்து மணிக்கு மேல் பைனாகுலரோடு மாடிக்கு வாருங்கள், அல்லது வயலுக்குப் போங்கள். அதற்குள் நோட்டு நிறைந்திருந்தால், அன்று தெரிகிற புள்ளிகளில் யூரோப்பா எது என்று யாரையும் கேட்காமல் உங்களுக்கே சொல்ல வரும்.